பட்டை என்று சொன்னவன்

இன்று காலை உன் தம்பி ஆம்பூரிலிருந்து வந்து, உன் பழைய இங்கிலீஷ் பாட்டுப் புத்தகத்தை என் மேஜைமேல் வைத்தான். "அண்ணன் பெட்டியில இருந்துச்சி. எங்க வீட்ல இத யாரு படிக்கப் போறாங்க, நீங்களே வெச்சிக்குங்க" என்றான். நீ மௌத்தாகி நாற்பது நாள்தான் ஆகிறது. திறந்ததும், தோல் பதனிட ஊறப்போடும் ஆவாரம் பட்டை வாசனை குப்பென்று ஏறியது. உன் சட்டையிலும் இதே வாசனைதான். வகுப்பில் மூக்கைப் பொத்துவார்கள். "தோல் ஷாப்புக்காரன் வீட்டுப் பிள்ள, அத்தராடா மணக்கும்?" என்று நீயே முந்திக்கொண்டு சிரிப்பாய்.

இண்டர்மீடியட்டில் உனக்குப் பிடித்தது இங்கிலீஷ் பாட்டு ஒன்றுதான். காலேஜுக்கு வர வேலூரில் ரயிலைவிட்டு இறங்கும்போதே ஏதாவது ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டு வருவாய். உன் அத்தாவுக்கு அதில் இஷ்டமில்லை. இந்தப் பரீட்சையில் இங்கிலீஷில் தேறினால் மேலே படி, தவறினால் ஷாப்புக்கு வந்து தோலை ஊறப்போடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பரீட்சையன்று காலேஜ் வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, புத்தகத்தில் ஒரு பாட்டைக் காட்டினாய். கடற்கரையில் காத்திருக்கும் ஒரு தாயின் பாட்டு அது. மகனுடைய 'பார்க்' (bark) திரும்பவில்லை என்று அழுகிறாள்.

"பார்க்குன்னா இங்க இன்னாடா அர்த்தம்?"

நான் அந்தப் பாட்டைப் படித்திருக்கவே இல்லை. ஆனால் வகுப்பில் முதல் மாணவன் அல்லவா, தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "பட்டைடா! உங்க ஷாப்புல மலையாட்டம் குவிஞ்சிருக்குது, நீ வந்து என்னைக் கேக்குற" என்றேன்.

"நெஜமாவா?"

"பேஜார் பண்ணாத. மணி அடிச்சிட்டான் பாரு."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் புத்தகத்தில் ஏதோ கிறுக்கிவிட்டு உள்ளே ஓடினாய்.

கேள்வித்தாளில் அந்த அடிகளை முழுசாக அச்சிட்டிருந்தார்கள். பாய்மரம், அலை, புயல். படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, இங்கே 'பார்க்' என்றால் மரப்பட்டை இல்லை, கப்பல். கப்பல் என்றே எழுதினேன். நீ எனக்கு இரண்டு வரிசை முன்னால் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரம் வாத்தியார் உன் விடையை வகுப்பில் உரக்கப் படித்தார். மகன் கொண்டுவந்த பட்டை கடல் தண்ணீரில் நனைந்துவிட்டது, நனைந்த பட்டையில் சாரம் போய்விடும், அதனால் தாய் அழுகிறாள். வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வேனே! சீ, என்ன பிறவி நான்.

"இப்படி எவன் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று வாத்தியார் கேட்டார்.

எழுந்து நின்றாய். "நானாத்தான் எழுதினேன் சார்." என் பக்கம் நீ திரும்பவே இல்லை.

பெரிய கேள்வியே அந்தப் பாட்டுதான், அதோடு இங்கிலீஷ் போயிற்று. திங்கட்கிழமை உன் இடம் காலியாக இருந்தது.

பிறகு எத்தனையோ தரம் உன் ஷாப்புக்கு வந்தேன். முழங்கால் வரை தொட்டித் தண்ணீரில் நின்றுகொண்டு, "வாடா பரீட்சைக்காரா, டீ சாப்புடுறியா?" என்பாய். அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தரமும் வருவேன். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கடைசியில் நெஞ்சுச் சளி கட்டி நீ பாயில் கிடந்தபோதும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பாட்டின் பக்கத்தைப் புரட்டினேன். அந்த வார்த்தைக்கு நேரே, ஓரத்தில் உன் பென்சில் எழுத்து. முதலில் 'கப்பல்' என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்திருக்கிறாய். கீழே, அவசர எழுத்தில், 'பட்டை. அவன் சொல்றான்.'

உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னை நம்பி அடித்திருக்கிறாய்.

தோல் மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுவதுதான் இன்றைக்கு என் பிழைப்பு. பட்டை மூட்டை வந்தது, வரவில்லை என்று அந்த 'பார்க்'கைத் தினமும் எழுதுகிறேன். எழுதும்போதெல்லாம் வாசலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தைதான்.

எனக்குத் தெரியாதுடா.