பிரதிஷ்டை ஆகாத மண்டபம்

நவ. 25, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழையும் இல்லை, காற்றும் இல்லை. போட்ட துணி மட்டும் காயவில்லை. கடலில் புயல் சின்னமாம். டி.வி.யில் செய்தி சொல்பவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

வாங்க: மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர், ரஸ்க், டார்ச்சுக்கு பேட்டரி, இவருக்கு பி.பி. மாத்திரை. மேலே ஏற்ற: அரிசி டிரம், கல்யாண ஆல்பம், பத்திரப் பை. ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல்.

மாலை சபைக் குழு அவசரக் கூட்டம். எட்டுப் பேரில் பெண் நான் ஒருத்தி, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலர் என்ற முறையில். இவர் பொருளாளர். புயலைப் பற்றிப் பேசுவார்கள் என்று நம்பிப் போனேன். பேராயருக்கு என்ன கலர் சால்வை என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். வரும் ஞாயிறு மாலை, எங்கள் வேதக்கோயில் மாடியில் கட்டிய புது மண்டபத்துக்குப் பிரதிஷ்டை. சிவப்புக் கம்பளம் படிக்கட்டு முழுக்கவா, வாசலில் மட்டுமா. அதற்கு ஒரு விவாதம்.

பொறுக்காமல் கேட்டேன். "கால்வாய் பொங்குச்சுன்னா கீழ்த்தெரு ஜனங்கள மண்டபத்துல தங்க வைக்கலாம்ல?"

எல்லாரும் ஆயரைப் பார்த்தார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா? கடைசியில் ஆயர்: "பேராயர் வந்து ஜெபம் பண்ணித் திறக்கிற வரைக்கும் அதை யூஸ் பண்றது முறை இல்லைங்கம்மா. நாமளே திறந்துட்டா அப்புறம் அவர் எதைத் திறப்பார்?" சின்ன வயசு, நல்ல பையன்தான். யாரைப் பார்த்தாலும் பயம்.

இந்த மண்டபம் எதற்குக் கட்டினோம்? அந்தப் பெரிய வெள்ளத்தில் கோயிலுக்குள் தண்ணீர் வந்து, பெஞ்ச் மேல் பெஞ்ச் போட்டு அதன்மேல் பிள்ளைகளை உட்கார வைத்தோமே, அதனால்தான். அடுத்த வெள்ளத்துக்கு ஊருக்கே அடைக்கலம் என்று சொல்லி வீடு வீடாகக் காணிக்கை கேட்டோம். கீழ்த்தெருவில் இந்து வீடுகளிலும் சாதிக் பாய் மெத்தைக் கடையிலும் நானே போய்க் கேட்டேன். முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

தீர்மானம்: வெள்ளி காலை முதல் சனி காலை வரை சங்கிலி ஜெபம், ஆளுக்கு அரை மணி. மண்டபம் பூட்டியே இருக்கும். எல்லாரும் கையெழுத்து. நானும் போட்டேன். எதற்குப் போட்டேன்?

நவ. 26, புதன்

தூறல். இட்லி மாவு புளிக்கவில்லை.

கோயில் பக்கம் போனேன். கமலா மாடி மண்டபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு வாரமாக இதே வேலை. கமலா எங்கள் சபை இல்லை. கோயிலைப் பெருக்கித் துடைப்பவள். வீடு கால்வாயை ஒட்டி. புருஷன் ஏழுமலை லோடு வேலை பார்த்தவர். போன வருஷம் வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கை.

"ஸ்கூல்ல கேம்ப் போடுவாங்களே, போகலையா?" என்றேன்.

"அங்க கக்கூஸு கிரவுண்டு தாண்டி கீது சுகந்திம்மா. இந்த மன்சன நான் ஒண்டி எப்பிடித் தூக்கினு போறது? போன மழைக்குப் போயிட்டு, நாறிப்போச்சு. எல்லாரும் மூஞ்சத் திருப்பிக்கினாங்க." பக்கெட்டில் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "இங்க ஒரு மூலை குட்தா போதும். பாத்ரூமு பக்கத்துலயே கீது. வெள்ளிக்கெழமயே தூக்கியாந்துட்டா பேஜாரு இல்ல. தண்ணி வந்தப்புறம் முடியாதும்மா."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். "சாமி வரம் குட்தாலும் பூசாரி குடுக்கணுமே."

எங்கள் ஆயரைப் பூசாரி என்கிறாளே என்று ஒரு கணம் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் பேசினேன். மண்டபச் சாவி இவரிடம்தான், கமலா துடைக்கும் நேரத்துக்கு மட்டும் இவரே போய்த் திறந்துவிட்டு, பூட்டி எடுத்து வந்துவிடுவார். எங்கள் பீரோவில், என் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில்.

"ரூல்னு ஒண்ணு இருக்கு சுகந்தி. இன்னிக்கு கமலா வருவா, நாளைக்குத் தெருவே வரும்."

"வரட்டுமே. அதுக்குத்தானே கட்டினோம்."

"ஒயிட் டைல்ஸ்மா."

இது ஒரு பதிலா? முப்பது வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். மோர் ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன். அவரே ஊற்றிக்கொண்டார்.

நவ. 27, வியாழன்

காற்று. பால் பாக்கெட் ஆறு மணிக்கே தீர்ந்தது. பிரெட் கிடைக்கவில்லை. க்யூவில் எனக்கு முன்னால் இரண்டு பேர்:

"எங்க வூட்டாண்ட வராது மச்சான், மேடு."

"போன தபாவும் நீ இதத்தான் சொன்ன. அப்பறம் போட்ல வந்த."

இவர் காரை எடுத்துப் போய் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு, ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். அங்கே ஏற்கெனவே பெரிய வரிசையாம். இடம் கிடைத்ததே கர்த்தருடைய கிருபை என்றார். காருக்கு மேட்டில் இடம் பிடிக்கத் தெரிகிறது. கிருபை வேறு!

வாட்ஸப் குரூப்பில் ஜெபப் பட்டியல் வந்தது. எனக்கு வெள்ளி மாலை 3 - 3.30. கீழே நாற்பது கும்பிடு கை பொம்மை. ஒருவராவது, யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்களா? நான் கேட்டுப் போட்டேன். அதற்கும் கும்பிடு கை போட்டார்கள்.

பேராயருக்குச் சால்வை வந்துவிட்டது. ஊதா.

நவ. 28, வெள்ளி

ரெட் அலர்ட். பள்ளிகள் லீவு. மதியத்திலிருந்து விடாத மழை.

2.45க்கே கோயிலுக்குப் போய்விட்டேன். எனக்கு முந்தின முறை தாமஸ் சார், சபைச் செயலர். முழங்காலில் நின்று சத்தமாக: "இந்தப் புயல எங்க பக்கம் வராம, ஆந்திரா பக்கம் திருப்பி விடும் சுவாமி!"

பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தவரிடம் கேட்டேன். "ஏன் சார், ஆந்திராவில ஜனங்க இல்லையா? நெல்லூர்ல உங்க மச்சினிச்சி இல்லையா?"

"அது ஒரு பேச்சுக்கும்மா. ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவரோடு பேச்சுக்குப் பேசுகிறார்!

என் அரை மணி. முழங்கால் போட்டேன், ஜெபம் வரவில்லை. திட்டுத்தான் வந்தது. தாமஸ் சாரை, ஆயரை, இவரை, பேராயரை, ஆண்டவரையும் விடவில்லை. மேலே யாரும் இல்லாத அவ்வளவு பெரிய மண்டபம். ஃபேன், லைட், இரண்டு பாத்ரூம், கைப்பிடி வைத்தது. கீழே நான் ஒருத்தி மழையை நிறுத்தும் என்று கேட்டுக்கொண்டு. என்ன ஜெபம் இது? எனக்கே வெட்கமாக இருந்தது.

4 மணி. வீட்டில் இவர் தூங்குகிறார். பீரோவைத் திறந்தேன். சாவியை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. ஆயர் என்ன சொல்வார், சங்கத்தில் என்ன பேசுவார்கள், பொருளாளர் பெண்டாட்டியே பூட்டைத் திறந்தாள் என்று இவர் தலை குனிய வேண்டுமே, மை காயாத தீர்மானத்தில் என் பெயரும் இருக்கிறதே. எல்லாம் யோசித்தேன். ஏழுமலையை மட்டும் அந்த நேரம் யோசிக்கவில்லை.

திருப்பி வைத்துவிட்டேன்.

கமலாவுக்குப் போன் செய்து, "இன்னும் ஒண்ணும் முடிவாகல, பாத்துக்கோ" என்றேன். "சரிம்மா" என்றாள்.

நவ. 29, சனி

எழுத நேரம் இப்போதுதான். மெழுகுவத்தி. கரன்ட் விடியற்காலையே போய்விட்டது.

கா. 9: தெருவில் கணுக்கால் தண்ணீர். இவர் கோயிலில், சங்கிலி ஜெபத்தின் நிறைவு ஸ்தோத்திரத்துக்கு. 10.30: முழங்கால். கால்வாய் உடைத்துக்கொண்டதாக மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். கமலாவுக்கு ஏழு தரம் போன். எடுக்கவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு. கோயில் வாசலில் ஜெபம் முடித்தவர்கள் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் பேசாமல் மாடிக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். ரிப்பன் கட்டியிருந்தது. கத்தரிக்கோல் இல்லை. பிய்த்துப் போட்டேன்.

திறந்த அரை மணிக்குள் கீழ்த்தெருவே மேலே. கைக்குழந்தைகள், கோழி, ஒரு தையல் மிஷின். ஆயர் எல்லாரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேசாமல் போய் மணியை அடிக்க ஆரம்பித்தார். இன்னும் இருப்பவர்கள் கேட்டு வரட்டும் என்று. அந்த ஒரு காரியத்துக்காக அவரை மன்னிக்கலாம்.

கமலா வரவில்லை.

12 மணிக்கு மேல் சாதிக் பாய் நனைந்துகொண்டு வந்தார். "சுகந்திம்மா, ஏழுமலைய நாங்க நாலு பேரு கட்டிலோட தூக்கினோம். பாதி வழில கால் எடறி கட்டில் சாஞ்சிடுச்சு. தண்ணிக்குள்ள போயிட்டாரு. ரொம்பக் குட்ச்சிட்டாரு. நம்ம கடை மாடில போட்டு, வயித்த அமுக்கித் தண்ணிய எடுத்து, டிராக்டர்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். கமலா கூடப் போயிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, சுற்றிப் பார்த்தார். "இது எப்ப தொறந்தீங்க?"

"இப்பத்தான் பாய்."

அவர் கைலி நுனியைப் பிழிந்துவிட்டு இறங்கிப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவர் மேலே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "செருப்பைக் கீழ விடச் சொன்னியா?"

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. எல்லார் முன்னாலும் சொன்னேன்.

நவ. 30, ஞாயிறு

மழை விட்டது. வெயில்கூட அடித்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. பேராயர் வரவில்லை, சாலை மூடல். பிரதிஷ்டை அடுத்த ஞாயிறு.

மண்டபத்தில் கஞ்சி, துவையல். எங்கள் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்து வேலை செய்தார்கள். முந்தாநாள் எங்கே போனீர்கள் என்று கேட்க நினைத்தேன். நான் எங்கே போனேன்?

மதியம் ஆஸ்பத்திரி. ஏழுமலை மூச்சுக்கு மாஸ்க். நுரையீரலில் தண்ணீர் போய்ச் சளி கட்டிக்கொண்டது என்கிறார்கள். ஏற்கெனவே படுத்த உடம்பு. கமலா கட்டிலுக்கு அடியில் அட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, இந்தச் சேத்துல நீ வந்துகினு."

மண்டபம் திறந்தாகிவிட்டது, டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக அங்கே வந்துவிடுங்கள், வீட்டில் ஒரே சேறு என்றேன். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

"வோணாம்மா. அங்க வெள்ளக் கலரு தரை. இந்த மன்சனுக்கு அடக்கத் தெர்யாது, அப்பறம் நான்தான் தேய்க்கணும்." கோபமே இல்லை அவள் குரலில். நாளைய வேலையைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

கொண்டுபோன ரஸ்க்கை வைத்துவிட்டு வந்தேன். ரஸ்க்!

டிச. 2, செவ்வாய்

வீடு கழுவி முதுகு போயிற்று. ஆல்பம் தப்பித்தது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. இவரோடு பேச்சு இல்லை. கார் பத்திரமாக வந்து சேர்ந்தது, கீறல் இல்லை.

ஏழுமலைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

டிச. 4, வியாழன்

விடிகாலை ஏழுமலை போய்விட்டார். சாதிக் பாய்தான் போனில் சொன்னார்.

டிச. 5, வெள்ளி

அடக்கம். கீழ்த்தெரு முழுக்க வந்திருந்தது. எங்கள் சபையிலிருந்து நானும் ஆயரும். ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சேற்றில் பாடை தூக்க ஆறு பேர். அந்த வீட்டு வாசலிலிருந்து கோயில் மாடிக்கு எத்தனை தூரம் என்று நடந்து பார்த்தேன். நடந்த மாதிரியே இல்லை, ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது.

டிச. 7, ஞாயிறு

பிரதிஷ்டை. பந்தல், நாதஸ்வரம், புது ரிப்பன். கல்வெட்டில் இவர் பெயர் நான்காவது. கமலா வரவில்லை, தரை துடைக்க வேறு ஆள்.

பேராயர் திறந்தார். ஜெபம், பாட்டு. பிறகு வழக்கம்போல் சாட்சி நேரம். புயலில் கர்த்தர் செய்த நன்மைகளைச் சொல்ல மைக் கொடுத்தார்கள். தாமஸ் சாருக்கு இன்வெர்ட்டர் தப்பியது. இன்னொருவர் வீட்டில் மாமரம் மதில் பக்கம் சாயாமல் ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் இவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம சபையில ஒரு உயிர்ச்சேதம்கூட இல்லாம காத்தார்" என்றார். எல்லாரும் "ஸ்தோத்திரம்" சொல்லிக் கை தட்டினார்கள்.

எழுந்து போனேன். இவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். நான் ஸ்தோத்திரம் சொல்லப் போகிறேன் என்று நினைத்து அவரே கொடுத்தார்.

"கமலா புருஷன் ஏழுமலை வியாழக்கிழம செத்துட்டாரு. அவங்க சபை இல்ல. இங்க ஒரு மூலைதான் கேட்டாங்க, புயலுக்கு மூணு நாள் முன்னாடியே கேட்டாங்க. சாவி எங்க பீரோவுல இருந்துச்சு. வெள்ளிக்கிழம சாயங்காலம் நான் அதக் கையில எடுத்தேன். எடுத்துட்டு, நீங்கல்லாம் என்ன சொல்வீங்களோன்னு திருப்பி வெச்சுட்டேன். இதான் என் சாட்சி."

பேராயர் குனிந்து மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் வரிசையில் யாரோ, பழக்க தோஷம், "ஸ்தோத்திரம்" என்றார்கள்.