என் பெயரில் போன இமெயில்

14.11.1999, ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்.

என் பழைய மாணவி மாலதியின் கல்யாணம் நின்றுவிட்டது. பெண்ணைப் பற்றி அவளுடைய ஆசிரியரிடம் விசாரிப்பது நம்மவர் வழக்கம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் நல்லபடியாகத்தான் சொல்லியிருந்தேன். பிறகு யாரோ என் பெயரில் இமெயில் முகவரி திறந்து, அவளுக்கு வேறொருவனோடு பழக்கம் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

இன்று கிள்ளானில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாது என்றேன். மாப்பிள்ளையின் அப்பா அச்செடுத்த தாளை நீட்டினார். ‘நேரில் சொல்ல மனம் வரவில்லை’ என்று தொடங்கியிருந்தது. கொய்யாப்பழத்துப் புழு வெளியே தெரியாது என்று, வகுப்பில் நான் சொல்லும் அதே உதாரணமும் இருந்தது. எழுதியது யாரானாலும், என்னிடம் படித்த பிள்ளைதான்.

“பொண்ணு வீட்டுல வந்து அழுதாங்களா சார்? அதான் இப்ப மாத்திப் பேசுறீங்க. எங்களுக்குப் புரியும் லா,” என்றார் அவர்.

திரும்பும் வழியில் மாலதியைப் பார்த்தேன்.

“நீங்க எழுதலன்னு தெரியும் சார்,” என்றாள்.

அடுத்த வரன் வந்தால் நானே முதலில் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

“வேணாம் சார். இனிமே யாரு கேட்டாலும், மாலதியைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.