உப்புக்குக் கழித்த நான்கு ராத்தல்

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது. வாலாஜாபேட்டையிலிருந்து ராணிப்பேட்டைக்கு உப்புத் தோல் ஏற்றிப் போகிற வண்டி. நோயாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் நின்று அந்த வாடையை நன்றாக உள்ளே இழுத்தேன். உப்பும் பச்சைத் தோலும் சேர்ந்து நாறினால் எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வருகிறது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. நீ வேலை பார்த்த கலவை ஊரிலிருந்து உன் நோயாளிகள் இப்போது என்னிடம் வருகிறார்கள். எதிரே உட்கார்ந்து, நான் கொடுக்கிற மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டே, "எங்க டாக்டரம்மா மாதிரி வராதும்மா" என்று கண்ணைத் துடைக்கிறார்கள். செத்துப்போனவள்மேல் பொறாமைப்பட முடியுமா என்று யாராவது கேட்டால், தாராளமாக முடியும் என்று நான் எழுதியே கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உனக்கு நினைவுக் கூட்டம். சிறு வயதிலிருந்து சிநேகிதி என்பதால் நான்தான் பேச வேண்டுமாம். மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அவர்களுக்காக எழுத எனக்கு வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. வேலூரில் பெண்களுக்கான டாக்டர் படிப்புக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மனுப் போட்டோம், ஒன்றாகத்தான் நேரில் போய் நின்றோம். பதிலும் ஒரே தபாலில் வந்தது. உனக்கு இடம் கிடைத்திருந்தது. எனக்கு வந்த கடிதத்தில் தீர்மானம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. படிப்பில் குறையில்லை. ஆனால் எடை எண்பத்திரண்டு ராத்தல்தான், இந்த உடம்போடு வார்டில் நிற்க முடியாது. ஜூன் மாதக் கடைசித் திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும். அன்றைக்குத் தொண்ணூறு ராத்தல் இருந்தால் எனக்கு இடம், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவளுக்கு.

கணக்கில் எப்போதும் எனக்குப் பின்னால் வந்தவள் நீ. மனுவோடு அனுப்பிய உன் கட்டுரையில் பாதி வாக்கியம் நான் திருத்திக் கொடுத்தது. உன்னிடம் என்னைவிட ஜாஸ்தியாக இருந்தது சதை ஒன்றுதான். அதற்குப் போய் இடம் கொடுத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் அழுது தீர்த்திருப்பேன். உண்டு என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் நடுவில் நிற்பது மகா கொடுமை.

அன்று சாயங்காலம் நீ ஓடி வந்தாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

"இல்லன்னா சொன்னாங்க? தள்ளிதானடி வெச்சிருக்காங்க. இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கெடக்கிற?" என்றாய்.

பிறகு என் தலைமாட்டில் உட்கார்ந்து யோசனை சொல்ல ஆரம்பித்தாய். கட்டாயம் வருகிறேன், இடத்தை வைத்திருங்கள் என்று நாளைக்கே கடிதம் போடு. சும்மா இராமல் மிஷன் மருந்துக் கூடத்தில் போய்க் கட்டுத் துணி சுற்று, மூன்று மாதம் கழித்து நர்சம்மாவிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள். நன்றாகச் சாப்பிடு. வாரா வாரம் நிறுத்துப் பார். அத்தனையும் சரியான யோசனை, இன்று இதே படிப்புக்கு மனுப் போட்டுவிட்டு என்னிடம் வருகிற பெண்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் இடம் கிடைத்தவள் வாயால் கேட்கும்போது அது யோசனை மாதிரி இல்லை. எல்லாவற்றையும் செய்தேன், ஒவ்வொன்றையும் ஒரு வாரம் தாமதித்துச் செய்தேன். நீ சொன்னாய் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

மே மாதம், இங்கிலீஷ் பழகுவதற்காக உன்னை முன்கூட்டியே வேலூருக்கு அழைத்துக்கொண்டார்கள். ஊரே ஸ்டேஷனுக்கு வந்தது, நான் வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். நீ ஆறு கடிதம் எழுதினாய். ஒன்றுக்கும் பதில் போடவில்லை, ஆனால் நீ எழுதியிருந்தபடி முட்டையும் கேழ்வரகுக் களியும் தின்றேன்.

ஆளை நிறுக்க எங்கே போவது? ஸ்டேஷன் பார்சல் தராசில் நாலு பேர் பார்க்க ஏறி நிற்க வெட்கம். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி அல்லவா, அங்கே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு இருந்தது. சனிக்கிழமைதோறும் ஆட்கள் வருவதற்கு முன் அதன் பலகையில் உட்காருவேன். தராசுக்கார பாய் மரியாதையான மனிதர். வயசுப் பெண் என்று என்னைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு, முதுகுப் பக்கம் இரும்புக் கற்களை அடுக்கி, வாயால் எடை சொல்வார்.

முதல் சனிக்கிழமை எழுபத்தொன்பது என்றார். அழுது அழுது இன்னும் மூன்று ராத்தல் இளைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்துநாலு. களியைத் தொண்டையில் தள்ளித் தள்ளி ஏற்றினேன். அதற்குள் அப்பா, ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை செய்கிற ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு பேச ஆரம்பித்துவிட்டார். வேலூரில் இடம் இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கடைசிச் சனிக்கிழமை, என்னைக் கையோடு கூட்டிப் போக லீவு கேட்டுக்கொண்டு நீ வந்திருந்தாய். நேரே ஷாப்புக்கே வந்து நின்றாய். உன் எதிரில் போய் நிறுக்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எம்பத்தேழு" என்றார் பாய்.

நான் இறங்கினேன். "நான் வரல. நீ போய்ட்டு வா" என்றேன். என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாயோ என்னவோ, பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு நீ ஏறி உட்கார்ந்தாய். சங்கிலி கிறீச்சிட்டது. பாய் கல்லைப் போட்டுக்கொண்டே போனார்.

"நூத்திப் பதினாலு."

"இன்னா பாய், முந்தாநாளு ஆஸ்பத்திரியில நூத்திப் பதினெட்டுன்னு எழுதினாங்க. ரயில்ல வரும்போது நாலு ராத்தல் உதிர்ந்துடுச்சா?" என்றாய்.

சிரித்துக்கொண்டுதான் இறங்கினாய். ஆனால் சுற்றிக்கொண்டு போய்க் கற்களை நீயே ஒவ்வொன்றாக எண்ணினாய். எண்ணி முடித்தபோது உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கல்லு நூத்திப் பதினெட்டு இருக்குதே பாய்."

பாய் தாடியைச் சொறிந்தார். "ஆமாம்மா. உப்புக்கு நாலு கழிச்சி சொன்னேன்."

பச்சைத் தோலில் அப்பியிருக்கும் உப்புக்காக, ஒவ்வொரு தோல் கட்டுக்கும் நாலு ராத்தல் கம்மி பண்ணிச் சொல்வது அந்தத் தராசின் வழக்கம். "முப்பது வருசமா வாய் அப்டியே பழகிப்போச்சும்மா. பேஜாராப் போச்சே" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இவ இன்னா உப்புத் தோலா பாய்?" என்று கேட்டு, என்னைத் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாய். இந்தத் தடவை கற்களைப் பார்த்தபடி. தொண்ணூற்றொன்று.

அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரி நான். வேலூருக்கும் ஆம்பூருக்கும் எடை ஏன் ஒத்துவரவில்லை என்று மூன்று மாதம் எனக்குத் தோன்றவில்லை, உனக்கு ஒரே நிமிஷத்தில் தோன்றிவிட்டது. இதிலும் நீயா என்றுதான் இருந்தது. திங்கட்கிழமை ரயிலில் உன் பங்கு இட்லியையும் என் மடியில் வைத்து, "தின்னுடி, காட்பாடி போறதுக்குள்ள கொறஞ்சிடப் போற" என்றாய். தின்றேன். இடம் கிடைத்தது. உனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதையெல்லாம் நீ அறிவாய். அறியாதது போல இருந்தாயே, அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து வேலூருக்குப் போயிருந்தபோது, படிப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்களோடு நாம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் என் தராசுக் கதையைச் சொன்னேன். எடை குறைவதில் எனக்கு அன்றே சந்தேகம் வந்தது, இறங்கிப் போய்க் கல்லை எண்ணினேன், பாயைக் கேட்டேன் என்று சொன்னேன். அந்தப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எதிரில் நீ இருந்தாய். சாதத்தைப் பிசைந்த கை ஒரு கணம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு ரசம் கேட்டாய்.

அன்று ராத்திரி நீ சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கும் உன்மேல் பொறாமைதான் பட்டேன், உன் இடத்தில் நான் இருந்தால் அந்த ரசம் எனக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது. அதற்குப் பிறகும் அந்தக் கதையை எத்தனையோ இடத்தில் சொல்லிவிட்டேன். ஒரு தடவைகூட நீ அதில் இல்லை.

வாசலில் வண்டிக்கு வேறு அச்சு மாட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாடை மட்டும் இன்னும் இருக்கிறது. நேற்று கிழித்துப் போட்ட காகிதங்களை எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். நல்ல கைராசி, ஆனால் அவசரக்காரி. பிரியமானவள், ஆனால் பேச்சு ஜாஸ்தி. உன்னைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரியிலும் நாலு ராத்தல் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு எதுவும் பேசப் போவதில்லை. அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொல்லப் போகிறேன். பலகையில் ஏறி உட்கார்ந்தது நீ, கல்லை எண்ணியது நீ, என்னைத் திருப்பி உட்கார வைத்தது நீ என்று, என்னிடமிருந்து முன்பே கேட்டவர்கள் அங்கே இருந்தாலும் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். கேட்டபின் உன்னை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கொண்டாடுவார்கள். எனக்கு வயிறு எரியும். எரியட்டும்.