பர்தோன் சொல்லாத வாய்

என் சம்பந்தி தனத்துக்கு,

நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது விளையாட்டாக வைத்துக்கொண்ட உறவு இது. உன் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். என் மகனைக் கண்டால் முறைக்கிறாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குத்தான் உன் வீட்டுப் பக்கம் வர முகமில்லை.

நீ கண்ணை மூடியபின் சேதராப்பட்டு மருந்து கம்பெனியில் உன் சூப்பர்வைசர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முதல் வாரமே நான் செய்த காரியம், உன் ‘பர்தோனை’ நிறுத்தியது.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய உன் மாமனாரிடமிருந்து உனக்கு ஒட்டிக்கொண்ட சொல் அது, ‘மன்னிச்சுக்குங்க’ என்று அர்த்தம். ஷிப்டு தொடங்கும்போது நீதான் முதலில் கை தூக்குவாய். “பர்தோன். நேத்து மூடி டைட்டா இருக்கான்னு பாக்காம ரெண்டு பெட்டி அனுப்பிட்டேன். இனிமே எப்படி பாக்கலாம், சொல்லுங்கடி.” அப்புறம் ஒவ்வொருத்தியும் தன் தப்பைச் சொல்வாள். லேபிள் ஒட்டுவதை நான் கற்றதே அப்படித்தான்.

எனக்கு அது ஒழுங்கில்லாததாகப் பட்டது. ஒரு பலகை மாட்டி, தப்பு செய்தவள் பெயரை எழுதினேன். இரண்டே மாதத்தில் பலகை காலி. இப்போது தப்பே நடப்பதில்லை என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டேன். என்ன புத்தியோ எனக்கு.

போன திங்கட்கிழமை இருமல் மருந்துப் பெட்டிகளில் காலாவதி வருஷம் தப்பாக அச்சானது. மெஷினில் வருஷத்தை மாற்றி வைத்தது நான். ஒரு நாள் சரக்கு முழுவதும் கோடவுனுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் கேட்டதும் என் வாயில் வந்தது, “அஞ்சலைதான் சார் மெஷின்ல இருந்தா.”

அஞ்சலையை உனக்குத் தெரியாது. நீ போனபின் கனகசெட்டிக்குளத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளிடம் கேட்டேன்.

“வருஷம் தப்பா இருக்கறத பாத்தியா இல்லியா?”

“பாத்தேங்க்கா. எல்லாரும் பாத்தோம்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க வெச்சதாச்சே. பலகையில யார் பேர எழுதறது?”

அவளையும் சேர்த்து லைனில் எட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள், தனம். எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் அவர்கள் கற்றுக்கொண்டது அதைத்தானா? மூன்று நாளாக அஞ்சலை உட்கார்ந்த இடத்தைப் பார்க்காமல் நடக்கிறேன். நீயாக இருந்தால் மேனேஜர் கேட்கும் முன்பே கை தூக்கியிருப்பாய், இல்லையா? நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை ஷிப்டு தொடங்கும்போது மேனேஜரையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை. மிச்சமிருக்கும் ஏழு பேர் முன்னால் கை தூக்கி, நடந்ததைச் சொல்வேன். வேலை போனால் போகட்டும். அப்புறம் கனகசெட்டிக்குளம் போய் அஞ்சலையிடமும் சொல்வேன். அதற்குப் பிறகுதான் உன் வீட்டுப் படி ஏறுவேன்.

காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. அதனால் உன்னிடமே முதலில் சொல்லிப் பழகுகிறேன்.

பர்தோன், தனம்.

உன் சம்பந்தி,
வசந்தா