ஆடும் பலகையில் அம்மா

லட்சுமிபுரம், மைசூர்
3 நவம்பர் 1996

அன்பு மகள் வைஷாலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அதுவும் யார் கையையும் பிடிக்காமல் இரண்டு காலில் நிற்கும் நலம். அங்கே சிட்னியில் நீயும் பல், முட்டி, தோள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, கடல் உன்னைப் பத்திரமாகக் கரையில் திருப்பி விட்டிருக்க, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, அலைமேல் பலகையில் சறுக்கிக் கற்றுக்கொண்டதை வைத்துத் தரையிலேயே நின்று பழகும் பலகை செய்து விற்கலாமா, நிற்கத் தடுமாறுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கலாமா, உடனே பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தாய். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. இப்போதே அங்கே தாவாதே. கதைப் புத்தகங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்த பெண் நீ, எனக்குத் தெரியாதா. கடலில் மிதக்கும் பலகையை நம்பி யாராவது உத்தியோகத்தை விடுவார்களா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். எழுதியதைத் திரும்பப் பெறும் வழக்கம் எனக்கு இல்லை. மேற்கொண்டு கொஞ்சம் சேர்க்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் நீ அனுப்பிய பார்சல். பலகை முன்னால் வந்தது, அது என்னவென்று விளக்கும் கடிதம் பின்னால் வந்தது. வியாபாரம் செய்யப்போகிறவள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரித்தால் வழவழவென்று ஒரு வட்டப் பலகை, அடியில் அரைத் தேங்காயைக் கவிழ்த்து ஒட்டியது போல ஒரு கட்டை. நம் மாதம்மாவுக்கு வீட்டில் எந்தப் பொருளும் வேலை செய்யாமல் இருக்கக்கூடாது. "பாப்பா சப்பாத்திப் பலகை அனுப்பியிருக்குதுங்கம்மா" என்று அவளே முடிவு கட்டி, அன்றைக்கே அதில் மாவைத் தேய்த்தாள். பலகை இந்தப் பக்கம் சாய்ந்தால் குழவி அந்தப் பக்கம் ஓடியது. சப்பாத்தி ஒரு ஓரம் அப்பளமாகவும் மறு ஓரம் அடையாகவும் வந்தது. ஆஸ்திரேலியாவில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போல என்று நானும் சாப்பிட்டு வைத்தேன். பிறகு உன் கடிதம் வந்து, இது காலால் ஏறி நிற்கும் பலகை என்று படித்துச் சொன்னதும் மாதம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சோறு படைத்த பலகையில் காலை வைப்பதா என்று சாமி படத்தின் முன்னால் மன்னிப்பெல்லாம் கேட்டாள். நான் அதைப் புளி போட்டுக் கழுவி, இனி இது சமையல் சாமான் இல்லை என்று சாமிக்கும் மாதம்மாவுக்கும் சேர்த்து அறிவித்துவிட்டுத்தான் கூடத்துக்கு எடுத்து வந்தேன்.

அது மூலையில் கிடக்க, தசராவுக்கு முன்பு ஒரு காலை பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, எலும்பு முறியவில்லை, கணுக்கால்தான் பூசணிக்காய் போல வீங்கியது. ஆனால் பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமி சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், அதனால் உடனே பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டு உன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். பரத் தசரா விடுமுறைக்குக் காரோடு வந்து இறங்கினான். தன் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் எனக்கு ஓர் அறை ஒழித்தாயிற்றாம், உன் அண்ணி அலமாரிகூடக் காலி செய்துவிட்டாளாம், இந்த வீட்டை வாடகைக்கு விட ஆளும் பார்த்துவிட்டானாம். கால் வீக்கம் வடிந்துவிட்டது என்றேன். "அடம் பிடிக்காதீங்கம்மா, நேரா நிக்கவே கஷ்டப்படறீங்க, இங்க தனியா எப்படி விட்டுட்டுப் போவேன்" என்றான். அன்பால் சொல்கிறான் என்று தெரிகிறது, அதனால்தான் கோபம் வருகிறது. உன் அப்பா நட்ட மாமரம், என் தபால்காரர், என் ஜன்னல், எதுவும் மூன்றாவது மாடிக்கு ஏறி வராது.

நிற்பதுதான் கேள்வி என்றால் நின்று பார்த்துவிடலாம், நாளைக்குப் பந்தயம் என்றேன். வைஷாலியின் பலகையில் இரண்டு பேரும் ஏறுவோம், ரேடியோவில் ஒரு பாட்டு முடியும் வரை நான் நின்றால் இந்த வீட்டில் இருப்பேன், நான் விழுந்து நீ நின்றால் பெட்டியைக் கட்டுகிறேன். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். நடுவராக நஞ்சுண்டசாமியைக் கூப்பிட்டோம். அவர் பலகையைப் பார்த்ததுமே "பேடாம்மா, பேடா", வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் பச்சைத் திரை தொங்குகிறதே, அதன் முன்னால் பலகையைப் போடச் சொன்னேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான், அதை நினைவில் வைத்துக்கொள். முதலில் பரத் ஏறினான். எஞ்சினியர் என்ற தைரியம். பலகைக்கு அவன் பட்டம் தெரியாது. இரண்டு கையும் காற்றாடியாகச் சுற்ற, பின்வாக்கில் போய்ப் பிரம்பு நாற்காலியில் விழுந்தான். தானாகத்தான் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறான்.

பிறகு நான். செருப்பைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, உன் அப்பாவின் தடித்த ஆங்கில அகராதியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். அகராதி எதற்கு என்று கேட்பாய். கான்வென்ட்டில் மதர் பிலோமினா எங்களை நீள வராந்தாவில் தலையில் புத்தகத்தோடு நடக்கவிடுவார், காலைப் பார்த்தால் பிரம்பு, கடைசியில் இருக்கும் சிலுவையைத்தான் பார்க்க வேண்டும். எதிர்ச் சுவரில் காலண்டர் ஆணியைப் பார்த்தேன். பலகை கொஞ்சம் முனகியது, அகராதி அசையவில்லை. நஞ்சுண்டசாமி பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். அந்தப் பாடகர் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார் பார், அவரை என்றைக்கும் மன்னிக்கமாட்டேன். முடிந்ததும் பரத் எழுந்து வந்து, "தோத்துட்டேன்மா, நீங்க இங்கேயே இருங்க" என்று அகராதியைக் கையில் வாங்கிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. சாப்பிட்டுவிட்டுக் காலி காரோடு திரும்பினான்.

இனி எழுதுவது உன் அண்ணன் காதுக்குப் போகக்கூடாது. திரைக்குப் பின்னால் மாதம்மா நின்றிருந்தாள். திரை இடுக்கில் கையை விட்டு என் இடுப்புப் புடவையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். "நான் உடமாட்டனுங்க, நீங்க ஆணியப் பாருங்க" என்று முன்தினமே ஒத்திகை பார்த்திருந்தோம். பாட்டு நீண்டதில் அவளுக்குக் கை மரத்துப்போய்விட்டது. நடுவில் ஒரு தும்மல் வேறு. நஞ்சுண்டசாமி அதைப் பூனை என்று எடுத்துக்கொண்டார், அல்லது எடுத்துக்கொண்டது போலக் காட்டிக்கொண்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

ஆனால் பெற்ற பிள்ளை கண் கலங்கிப் போனது எனக்கு உறுத்திற்று. மாதம்மா மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறாள், பின்கட்டுக் கல்லருகே திரையும் இல்லை. ஆகவே மறுநாள் காலையே பயிற்சியைத் தொடங்கினேன். முதலில் முழுப் பிடி. அப்புறம் இரண்டு விரல். அப்புறம் தொடாமல் பக்கத்தில் ஒரு கை. எத்தனை முறை மெத்தையில் விழுந்தேன் என்பது உனக்குத் தேவையில்லாத தகவல். நேற்றைக்கு மாதம்மா கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்க, தலையில் அகராதியோடு ஒரு முழுப் பாட்டுக்கும் நின்றேன். "அம்மோவ், இப்ப யாருங்க புடிச்சிருக்கா" என்று சிரித்தாள். ஆகவே பரத்தை நான் ஏமாற்றவில்லை. உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டினேன்.

இப்போது பதில். வேலையை விடு. பலகையைச் செய். ஆனால் கடிதத்தோடு நீ வைத்த விளம்பரத் தாளில் சட்டை இல்லாத பையன் படம் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்து யார் தன் அம்மாவுக்குப் பலகை வாங்குவார்கள்? நரைத்த தலை ஒன்று போடு, கேட்டால் என் படத்தை அனுப்புகிறேன், பட்டுப் புடவையில். பலகையின் மேல்பூச்சு வழுக்குகிறது, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். தனியாக நின்று பழகுங்கள் என்று அந்தத் தாளில் அச்சடித்திருப்பதை அடித்துவிட்டு, முதலில் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று போடு. உன் தொழிலும் தொடக்கத்தில் ஆடத்தான் ஆடும். காலைப் பார்க்காதே. என் கை அவ்வளவு தூரம் எட்டாது, ஆனால் பாப்பா கூப்பிட்டால் கப்பலேறி வந்து திரைக்குப் பின்னால் நிற்கிறேன் என்கிறாள் மாதம்மா.

வெயிலில் கறுத்துப்போகாதே, சுறா இருக்கும் பக்கம் போகாதே, தலைக்கு எண்ணெய் வை. சாமுண்டியம்மன் உன்னை அலைமேலும் கரைமேலும் நிமிர்த்தி வைக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் தழைக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். பரத் தனக்கும் ஒரு பலகை வேண்டும் என்கிறான், உனக்கு எழுதுவான். உன் முதல் வாடிக்கையாளர், நல்லதாகப் பார்த்து அனுப்பு. அவன் பெட்டியில் மட்டும், தனியாக நிற்கச் சொல்லும் பழைய தாளையே வை.

இப்படிக்கு,
தன் வீட்டில், தன் காலில் நிற்கும்
உன் அம்மா
உமாதேவி மாணிக்கவாசகம்