ஆம்பல்துறையில் பூட்டி வைத்த ஓடம்

நீர் பெருகுக, நெறி தவறாதிருக்க. செம்மணி நாடு முழுதாளும் கோவிளம்பரிதி வேந்தர் கொற்றமங்கை அரண்மனையில் எழுந்தருளியிருந்து மொழிந்த ஆணையை, ஓலைநாயகன் சேந்தன் கூத்தன் எழுதுவித்து விடுத்தது. ஆம்பல்துறை ஊர்ச்சபைப் பெருமக்கள் நலமாக இருந்து, இதனைத் துறைமேட்டில் ஊரார் அனைவரும் கேட்க வாசிப்பார்களாக.

சபையாரின் முறையீடு வந்து சேர்ந்தது. ஓடப்பணியைச் சோதிக்க விடுத்த கண்காணி நக்கன் அரிசிலன் குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்னரே வந்தான் என்றும், சபையார் வீட்டில் கைநனைக்க மறுத்தான் என்றும், ஊர்க்கொட்டகையின் பூட்டை உடைத்தான் என்றும், ஆகையால் அவனைப் பதவியினின்று நீக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. கண்காணி வந்தால் சபையார் எதிர்கொண்டு அழைத்து விருந்திடுவது இந்நாட்டுப் பழவழக்கம். வழக்கத்தை மீறினானே என்று சேந்தன் கூத்தனுக்குச் சினம் மூண்டது. நீக்க ஓலையைப் பாதிவரை எழுதுவித்தும் விட்டான். அதன் பின்னரே, ஓடப்பணியைப் பற்றி முறையீட்டில் ஒரு சொல்லும் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. எழுத்தாணியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அரிசிலன் விடுத்த ஓலையை எடுத்தான்.

அரிசிலன் உப்பு விற்போரோடு உப்பு விற்பவனாய் ஓடமேறினான். அடிப்பலகை இற்றுப் போயிருந்தது; ஏறியவரில் பாதிப்பேர் குடத்தால் நீர் இறைத்தார்கள். அக்கரையில் ஒருத்தி இரண்டு நாளாய்ப் பேற்றுநோவில் துடிக்க, மருத்துவச்சி வெண்ணி அதே ஓடத்தில் இருந்தாள். நடு ஆற்றில் நீர் முழங்கால் வரை ஏறவே, ஓடம் திரும்பிவிட்டது. கரையில் கொட்டகைக்குள் எண்ணெய் மினுங்க ஒரு புத்தோடம் நின்றது. அது கண்காணி வரும் நாளில் மட்டும் இறங்கும் ஓடம் என்றும், பதின்மூன்று ஆண்டாய் ஊரார் கால் அதில் பட்டதில்லை என்றும் ஓடக்காரன் பதுமன் கைகட்டிச் சொன்னான். அரிசிலன் கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தான். வெண்ணி அக்கரை சேர்ந்தாள். தாயும் சேயும் பிழைத்தார்கள்.

இதைப் படித்தபோது சேந்தன் கூத்தன் வெட்கத்தால் குன்றிப்போனான். முன்னாளில் அத்துறைக்கு மூன்று முறை கண்காணியாய் வந்தவன் அவனே. புத்தோடத்தில் சாய்ந்தமர்ந்து ஆற்றைக் கடந்து, சபையார் இட்ட பலாச்சுளைப் பாயசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்து, குறை ஒன்றுமில்லை என்று எழுதிச் சென்றவனும் அவனே. உண்ட வாய் எங்ஙனம் குறை சொல்லும்? ஒன்றையும் மறையாமல் வேந்தரிடம் சொல்லித் தலைகுனிந்து நின்றான். வேந்தர் பாதி எழுதிய நீக்க ஓலையைத் தம் கையாலேயே முறித்துப் போட்டு ஆணையிட்டார்.

அரிசிலன் தன் பதவியில் நிற்பான். இனிக் கண்காணி எவனும் நாள் சொல்லி வாரான். சோதிக்கும் ஊரில் சபையாரின் சோறு உண்ணான். கண்டதைச் சபையாரிடம் காட்டித் திருத்தம் கேளான். அவன் எழுதியது முதலில் ஊராருக்கு வாசிக்கப்படும், பிறகே அரண்மனைக்கு வரும். புத்தோடம் இன்றே ஆற்றில் இறங்குக. கொட்டகைக்கு மறுபூட்டு இடுபவர் சபையில் இருக்கை இழப்பர். பழைய ஓடத்துக்கு அடிப்பலகை மாற்றும்வரை சபையார் அதிலேயே போய் வருக.

சேந்தன் கூத்தன் எழுதிய மூன்று நற்சான்று ஓலைகளும் இத்துடன் வருகின்றன. அவற்றையும் அவன் பெயர் சொல்லி ஊரார் நடுவே வாசிக்க. பலகை மாற்றியது மெய்தானா என்று பார்க்க, பழைய ஓடத்தில் ஏறி அவனே ஆற்றைக் கடப்பான். இது வேந்தர் அவனுக்கு இட்ட தண்டனை. அவனுக்கு நீந்தத் தெரியாது.

இப்படிக்கு வேந்தர் இலச்சினை பொறித்து விடுத்த இவ்வோலையைத் தலைமேற் கொண்டு செய்க. அவன் எந்நாள் வருவான் என்பதை இவ்வோலை சொல்லாது.