சயாமுக்கு ஆள் கூப்பிட்ட எழுத்து

இதைக் கையில் எடுத்தவர் யாரானாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். செத்துப்போன என் அண்ணனுக்கு எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

என் செல்ல அண்ணா,

உன் எழுத்து கூலாய்க் கடைத்தெருவில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் பாய் கடைப் பலகையில் 'ரொட்டி' என்று கொழுகொழுவென்று எழுதினாயே, அது அப்படியே நிற்கிறது. "ஒன் எழுத்தப் பாத்தாலே பசிக்குதுடா" என்று பாய் சிரிப்பார். இப்போது அங்கே மரவள்ளிக்கிழங்குதான். எழுத்து மட்டும் தின்று கொழுத்ததுபோல் இருக்கிறது.

அந்தக் குஷியைத்தானே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கேட்டான்? ஜப்பான்காரனுக்காகத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் 'சயாமில் வேலை, வயிறாரச் சோறு' என்று உன்னை எழுத வைத்தான். பட்டைத் தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்தாய். வேலையின் 'லை' தும்பிக்கையைத் தூக்கி ஆடியது. படிக்கத் தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினார்கள். ஆள் போதவில்லை என்று கடைசியில் உன்னையும் ஏற்றினான். நீ எழுதியதை நீயே நம்பினாயா, அண்ணா?

அங்கிருந்து தப்பி வந்த மாரிமுத்து மாமாதான் நீ காய்ச்சலில் செத்ததைச் சொன்னார். நீங்கள் போட்ட ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்களாம். அன்றைக்கே அவர் காட்டுக்குள் போய்விட்டார். அம்மாவால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. சத்தம் கேட்டால் அவரைத் தேடுவார்கள்.

நேற்று கிராணி வந்தான். மழையில் ஆபீஸ் வாசல் பலகை அழிந்துவிட்டதாம்.

"ஏய் பாப்பா, ஒங்கண்ணன் மாதிரியே எழுதுவியாமே?"

"பள்ளிக்கூடத்துல சும்மா எழுதுவேங்க, ஐயா."

"அந்தச் சிரிக்கிற எழுத்துதான் வேணும்லா. நான் எழுதினா சாவு வீட்டுச் சேதி மாதிரி இருக்கு. ஒருத்தனும் வர மாட்றான்."

இன்றைக்கு எழுதினேன், அண்ணா. பக்கத்தில் நின்று பார்த்துத் தலையாட்டினான். 'லை' இன்னும் கொஞ்சம் ஆடணும் என்றான். ஆட்டினேன்.

இருட்டியதும் திரும்பப் போனேன். அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'இதை முதலில் எழுதியவன் சயாமில் செத்துப்போனான்.' விடிந்தால் பெரட்டுக்கு வந்து, பெயர் கூப்பிட வரிசையில் நிற்கும் எல்லோர் கண்ணிலும் படும். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கோணல்மாணலாக, யாரோ எழுதியதுபோல் எழுதியிருக்கலாம். ஆத்திரத்தில் அதையும் உன் எழுத்திலேயே எழுதிவிட்டேன். சாவுகூட அங்கே குண்டுகுண்டாகச் சிரிக்கிறது. இந்தத் தோட்டத்தில் அப்படி எழுத உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதானே? துடைக்கப் போகலாமா? துடைத்தால் காலையில் எத்தனை பேர் ஏறுவார்கள்?

போகமாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன் எழுத்தைக் காட்டி இனி ஒருவரையும் லாரியில் ஏற்ற விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து